லாமினேஷன் போட்ட கார்டு

லால் பாஷா பாயைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். கம்பெனி செலவில் ஜெர்மனிக்குப் போனவர், கம்பெனி கொடுத்த பேங்க் கார்டைத் தொலைத்தவர், அதனால் டிக்கெட் எடுக்க வழியில்லாமல் பெற்ற மகளின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனவர். இதைக் கேட்கும்போதெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போய்விடுவேன். ஏனென்றால் அவர் எதையும் தொலைக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். நாலு வருஷம் என் வாயைக் கட்டிப்போட்டிருந்தார் மனுஷன். இப்போது கட்டி வைக்க ஒன்றுமில்லை, அதனால் சொல்கிறேன்.

என் பெயர் ஆஞ்சப்பன். ஓசூர் சிப்காட்டில் கியர் செய்யும் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். பாய் அதே கம்பெனியில் கிரைண்டிங் செக்‌ஷன் ஆபரேட்டர். அவர் எனக்கு நேர் எதிர். அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும்.

பாய்க்குச் சொந்த ஊர் குருபரப்பள்ளி. அவருடைய அத்தா குந்தாரப்பள்ளி சந்தையில் மாட்டுக்குக் கயிறும் சலங்கையும் விற்றவர். தெலுங்கில் விலை கேட்பவனுக்குத் தெலுங்கிலும், கன்னடத்தில் கேட்பவனுக்குக் கன்னடத்திலும் பதில் சொல்லி வளர்ந்த பிள்ளை பாய். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, ஓசூரில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த சமயத்தில் வந்து சேர்ந்தார். வந்த நாளிலிருந்து ஒரே செக்‌ஷன், ஒரே மிஷின்.

அவரிடம் எனக்குப் பிடிபடாத குணம் ஒன்று உண்டு. ஃபோர்மேன் யார் மேலோ இருக்கிற கோபத்தை அவர் மேல் கொட்டுவார். பாய் மிஷினை நிறுத்துவார், கையைத் துணியில் துடைத்துக்கொள்வார், திட்டு முழுவதையும் நின்று கேட்பார். முடிந்ததும் "சரிங்க சார்" என்று மறுபடி மிஷினைப் போடுவார். எனக்கு ரத்தம் கொதிக்கும்.

"ஏன் பாய், உங்களுக்குச் சூடு சொரணையே கெடயாதா? தப்பு நம்மளுது இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவருக்கு எங்கியாவது எறக்கி வெக்கணுமில்ல ஆஞ்சப்பா. சொமந்துக்கிட்டே திரிவாரா பாவம்" என்றார்.

"அதுக்கு நீங்கதான் கெடச்சீங்களா?"

"எங்கிட்ட எடம் இருக்குது" என்று சிரித்தார். 

அவர் மனைவி ஜெய்னப் அக்கா சூளகிரிக்காரர். பத்தாவது பாஸ். கல்யாணமான புதிதில் இவர்கள் குடியிருந்த வீட்டில் மழைக்கு ஓடு ஒழுகி, டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, அக்காவின் பத்தாவது சர்டிபிகேட் கூழாகிப் போனது. அடுத்த மாதமே ஒரு கம்பெனியில் பத்தாவது படித்த பெண்களை எடுத்தார்கள். சர்டிபிகேட்டைக் காட்டு என்றார்கள். நகல் வாங்க நடையாய் நடந்து, அது கைக்கு வந்தபோது வேலைக்கு ஆள் எடுத்து முடித்திருந்தார்கள். கூடப் படித்த பெண்கள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் போவதை அக்கா வாசலில் நின்று பார்த்தார். அந்த ஆற்றாமை அவர் மனசில் அப்படியே தங்கிவிட்டது.

பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர் லாமினேஷன் மிஷின் வாங்கிப் போட்டார். அக்காவுக்குப் பெருநாள் வந்த மாதிரி ஆகிவிட்டது. சர்டிபிகேட் நகல், பாயின் ஐ.டி.ஐ. தாள், மகள் சபீஹாவின் ரேங்க் கார்டு, துஆ எழுதிய பிரார்த்தனைக் காகிதம், எல்லாவற்றுக்கும் கண்ணாடிச் சட்டை போட்டாயிற்று. அரசாங்கமே ஓட்டுப்போடுகிற கார்டை லாமினேஷன் போட்டுத்தான் கொடுத்தது. அதன் பிறகு அக்காவை யார் கேட்பது? என் மனைவி முனிலட்சுமியும் அவரோடு சேர்ந்து கெட்டுப்போய் எங்கள் கல்யாணப் பத்திரிகையை லாமினேஷன் போட்டு வந்தாள். "நீயும் நானும் கிழிஞ்சாலும் இது கிழியாது" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தொண்ணூற்றைந்தில் கம்பெனி ஜெர்மனியிலிருந்து ஒரு கிரைண்டிங் மிஷின் வாங்கியது. அதைப் பழகிவர பாயையும் என்னையும் அனுப்புவதாக முடிவாயிற்று. தங்குவதும் சாப்பாடும் மிஷின் கம்பெனிக்காரன் பொறுப்பு. கைச்செலவுக்குக் கொஞ்சம் ஜெர்மன் பணம் கொடுத்தார்கள். அதோடு, மூத்தவர் என்பதால் பாய் கையில் மட்டும் ஒரு பேங்க் கார்டைக் கொடுத்தார் அக்கவுண்ட்ஸ் கோவிந்தன் சார். இந்தக் கார்டு எல்லாம் பெரிய ஆபீசர்கள் வெளிநாடு போகும்போது வைத்துக்கொள்வது. எங்கள் மிஷின் ஷாப்பில் அதுவரை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை.

"அவசரம்னா மட்டுந்தான் எடுக்கணும். காட்டி, கையெழுத்துப் போட்டா போதும், எந்த ஊரா இருந்தாலும் குடுத்துருவான்" என்றார் கோவிந்தன் சார். அவரும் அதை உபயோகித்தவர் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அது ஒரு மிஷினுக்குள் போகும், அதன் மேல் புடைத்திருக்கும் எண்கள் காகிதத்தில் பதியும், பின்னால் இருக்கிற கறுப்புப் பட்டையை மிஷின் படிக்கும் என்று அவரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த கார்டெல்லாம் எடுத்துக் காட்டுகிற கார்டு. கம்பெனி கேட்டில் காட்டுவோம், பஸ்ஸில் பாஸைக் காட்டுவோம். காட்டுகிற பொருளுக்கு என்ன வேண்டும்? அழியாமல் இருக்க வேண்டும், நனையாமல் இருக்க வேண்டும்.

புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம் பாய் வீட்டுக்குப் போனேன். அக்கா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். உள்ளே போய்க் கார்டை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். பளபளவென்று லாமினேஷன்.

"பாரு தம்பி. நம்பரெல்லாம் பரு மாதிரி பொடச்சிக்கிட்டு அசிங்கமா இருந்துச்சு. கடைக்காரரு சூட்டை ஏத்தி ரெண்டு தடவை விட்டாரு. இப்ப எப்பிடி சமமா ஒக்காந்துருச்சு பாத்தியா?"

"நல்லாருக்குதுக்கா" என்றேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. பாய் பக்கத்தில் உட்கார்ந்து பெருமை தாங்காமல் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "ஜெர்மனி மழையில ஊறினாலும் ஒண்ணும் ஆவாது" என்றார்.

சபீஹா அப்போது இரண்டாம் வகுப்பு. தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் பெட்டியில் வைத்தாள். "அத்தா, இதுல பனியைப் போட்டு எடுத்தாங்க" என்றாள்.

"கரைஞ்சிருமேம்மா."

"கரையறதுக்குள்ள வேகமா வந்துருங்க" என்றாள். எல்லாரும் சிரித்தோம். அந்த வீட்டில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

ஜெர்மனியில் எங்களைத் தங்க வைத்தது ஒரு சின்ன ஊர். பாய் ஹலால் இல்லாத கறியைத் தொடமாட்டார். முட்டையும் ரொட்டியும் எத்தனை நாள் தின்பது? அக்கா கட்டிக்கொடுத்த ராகி மாவை அறையில் இருந்த கரண்ட் அடுப்பில் கிளறிக் களி ஆக்கினோம். வாசனைக்கு பக்கத்து அறைக்காரன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடினான். கார்டுக்கு வேலையே வரவில்லை. பாய் அதைச் சட்டையின் உள்பையில் வைத்துப் பின் குத்தியிருந்தார். எங்கே போனாலும் அந்த இடத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

ஈஸ்டர் வந்தது. பெரிய வெள்ளியிலிருந்து திங்கள் வரை கம்பெனி மூடல். எங்களைக் கவனித்துக்கொண்ட மேனேஜர் குடும்பத்தோடு எங்கோ மலைக்குப் போய்விட்டான். வெள்ளிக்கிழமை காலையில் களிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது அறைக்கு போன் வந்தது. பெங்களூரில் ஒரு பூத்திலிருந்து ஜெய்னப் அக்கா. குரல் பாதி வந்தது, பாதி வரவில்லை. பாய் போனைக் காதில் அழுத்திப் பிடித்திருந்தார். எனக்கும் கேட்டது.

"புள்ளைக்கு மூளைக்காய்ச்சல்ங்கறாங்க. பெங்களூர்ல பெரிய ஆஸ்பத்திரியில சேத்துருக்கோம். கண்ணத் தொறந்தா அத்தா எங்க அத்தா எங்கங்கறா. உங்ககிட்டதான் கார்டு இருக்குதே. உடனே டிக்கெட் எடுத்துக்கிட்டு வந்துருங்க. அத்தா கார்டு வெச்சிருக்காரு, பறந்து வந்துருவாருன்னு புள்ளைகிட்ட சொல்லியிருக்கேன்."

"இதோ கெளம்பிட்டேன்னு சொல்லு" என்றார் பாய்.

எங்களுடைய திரும்பும் டிக்கெட் தேதி மாற்ற முடியாத மலிவு டிக்கெட். அதனால் என்ன, கார்டு இருக்கிறதே. கையிலிருந்த பணத்தில் ரயில் பிடித்து ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்துக்குப் போனோம். ரயிலில் பாய் உள்பையின் மேல் கை வைத்தபடியே வந்தார்.

டிக்கெட் கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். பம்பாய்க்கு அன்று சாயங்கால விமானத்தில் இடம் இருக்கிறதா என்று என் ஓட்டை இங்கிலீஷில் கேட்டேன். இருக்கிறது என்றாள். பாய் கண்ணை மூடி அல்ஹம்துலில்லாஹ் என்றார். பின்னைக் கழற்றிக் கார்டை எடுத்து, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார்.

அவள் அதை ஒரு இரும்புத் தட்டில் வைத்து, மேலே ஒரு தாளைப் போட்டு, இஸ்திரி போடுவது போல ஒரு கைப்பிடியை இப்படியும் அப்படியும் இழுத்தாள். தாளை எடுத்துப் பார்த்தாள். எண் எதுவும் பதியவில்லை. மறுபடி இழுத்தாள். மங்கலாக ஏதோ அழுக்கு மாதிரி விழுந்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு மிஷினின் வாயில் கார்டைச் செருகப் பார்த்தாள். கனம் அதிகமாகி உள்ளே போகவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். என்ன இது, இந்தப் பிளாஸ்டிக் எதற்கு, எடுத்துவிடுங்கள் என்றாள்.

நான் எலக்ட்ரீஷியன், வயர் சீவுகிற கத்தி எப்போதும் பையில் இருக்கும். பாய் அதை வாங்கினார். மயிரிழை அளவு இரும்பைச் சீவி எடுக்கிற கை அது. கவுண்டரிலேயே கார்டை வைத்து ஒரு மூலையிலிருந்து மெல்ல உரித்தார். ஓசூர்க் கடைக்காரர் சூட்டை ஏற்றி இரண்டு முறை விட்ட லாமினேஷன் லேசில் வருமா? உரிக்க உரிக்க, பின்னால் இருந்த கறுப்புப் பட்டையும் பாயின் கையெழுத்தும் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு வந்தன. கடைசியில் அவர் கையில் இருந்தது தோல் உரிந்த ஒரு வெள்ளை அட்டை. முன்பக்கத்து எண்கள் தரையோடு படுத்துக்கிடந்தன.

அந்த அம்மாள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கையெழுத்து இல்லாத, சிதைந்த கார்டை வாங்க எனக்கு அதிகாரம் இல்லை, மன்னியுங்கள் என்றாள். தன் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவரும் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். இருந்த பணத்தை எல்லாம் கொட்டினோம். டிக்கெட்டில் கால்வாசிக்குக்கூட வரவில்லை.

நான் கத்தினேன். தமிழில், கன்னடத்தில், தெலுங்கில், வந்த இங்கிலீஷில் எல்லாவற்றிலும் கத்தினேன். வரிசையில் நின்ற நம் நாட்டுக்காரர் ஒருவரிடம் ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் தன் பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். போலீஸ்காரன் ஒருவன் எங்கள் பக்கம் நடந்து வந்தான்.

"விடு ஆஞ்சப்பா. அந்தம்மா என்ன பண்ணும்?" என்று பாய் என்னை இழுத்துக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்.

"இந்த அக்கா எதுக்குங்க பாய் இந்த வேலை பண்ணாங்க? கார்டைக் கார்டா விட்டிருக்கக் கூடாதா?" என் வாய் சும்மா இருக்குமா, வந்துவிட்டது.

பாய் என் தோளைப் பிடித்தார். அவர் விரல் அப்படி இறுகி நான் கண்டதில்லை.

"அவ பேச்சை எடுக்காத. கார்டு தொலைஞ்சிருச்சு. ரயில்ல வர்றப்போ எங்கியோ தொலைச்சிட்டேன். கம்பெனியில கேட்டாலும் இதான், ஊர்ல கேட்டாலும் இதான். நான் தொலைச்சிட்டேன்."

"எதுக்குங்க பொய்?"

"புள்ள பொழச்சிட்டா ஒருநாள் நானே சிரிச்சிக்கிட்டு அவகிட்ட சொல்லிக்கறேன். இல்லேன்னா..." என்று நிறுத்தினார். "இல்லேன்னா அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவ இருக்க மாட்டா ஆஞ்சப்பா."

கார்டையும் உரித்த பிளாஸ்டிக்கையும் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்தார். சாயங்கால விமானம் பம்பாய்க்குக் கிளம்புவதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அதில் இடம் இருந்தது. 

அறைக்குத் திரும்பி வந்து ஓசூர் கம்பெனிக்கு போன் போட்டோம். அங்கேயும் பெரிய வெள்ளி விடுமுறை, செக்யூரிட்டிதான் எடுத்தார். அவர் ஆள் அனுப்பி, கோவிந்தன் சார் சொந்த ஊரிலிருந்து வந்து, பெங்களூரில் டிக்கெட் ஆபீஸ் திறந்து, பணம் கட்டி, எங்களுக்குச் செய்தி வருவதற்குத் திங்கட்கிழமை ஆகிவிட்டது.

சபீஹா ஞாயிற்றுக்கிழமை போய்விட்டாள்.

முனிலட்சுமி ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் பிள்ளை தலையைத் திருப்பிப் பார்ப்பாளாம். "அத்தா வந்துக்கிட்டே இருக்காரு, வானத்துல இருக்காரு" என்று ஜெய்னப் அக்கா சொல்வாராம். "பனி கரையறதுக்குள்ள வந்துருவாருல்ல?" என்று ஒருமுறை கேட்டாளாம். அதற்கு மேல் முனிலட்சுமியால் சொல்ல முடிந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் அறைக்கு போன் செய்தது அக்காவின் தம்பி ரசூல். பாய் நின்றபடி கேட்டார்.  "எனக்கோசரம் வெச்சிருக்க வேணாம் மச்சான். மையத்தைக் காக்க வெக்கக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள அடக்கம் பண்ணிருங்க" என்றார். போனை வைத்துவிட்டு, கை கால் முகம் கழுவி உளூ செய்து, மூலையில் துண்டை விரித்துத் தொழுதார். அழவில்லை. நான்தான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பாய் மறுநாள் கிளம்பினார். நான் வேலையை முடித்து ஊர் திரும்பியபோது அந்தக் கதை தெரு முழுக்கப் பரவியிருந்தது. துக்கம் கேட்கப் போனேன். பாய் வாசலில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"தம்பி, நீ பாத்தே இல்ல, நான் எவ்ளோ பத்திரம் பண்ணிக் குடுத்தேன்? தண்ணி படாம, கிழியாம, பூ மாதிரி பண்ணிக் குடுத்தேனே. இந்த மனுசன் ரயில்ல தொலைச்சிட்டு வந்து நிக்கிறாரு. ஒரு கார்டைக் காபந்து பண்ணத் தெரியல. எம்புள்ள கதவையே பாத்துக்கிட்டு உசுர விட்டுச்சு."

உண்மை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பாய் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். பாய் கெட்டிக்காரர் இல்லை, அவர் புளுகு நாலு வருஷம் நின்றது. கார்டைத் தொலைத்ததற்கு கம்பெனி மெமோ கொடுத்தது. வாங்கிக்கொண்டார். அவருக்கு வர வேண்டிய ஃபோர்மேன் பதவி வேறொருவனுக்குப் போனது. அவனிடமும் போய் "சரிங்க சார்" என்றார். வீட்டில் அக்கா திட்டாத நாள் கிடையாது. விசேஷத்துக்கு வந்த உறவுக்காரர்கள் முன்னாலும் திட்டுவார், காய்கறிக்காரி கருப்பாயி முன்னாலும் திட்டுவார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குச் சோறு இறங்காது. "மனுசன் சாவியைத் தேடினாலே 'அதையும் தொலைச்சாச்சா'ங்கறாங்க, இதெல்லாம் ஒரு பொழப்பா பாய்?" என்று கேட்டால், "அவ பேசட்டும் விடு" என்பார். அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்பதில் எங்கள் சம்பளத்தை பேங்க்கில் போட ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு ஏ.டி.எம். கார்டு வந்தது. வீட்டுச் செலவெல்லாம் அக்கா கையில் என்பதால் பாய் அதை அக்காவிடமே கொடுத்துவிட்டார். மறுநாள் நான் வாசலில் உட்கார்ந்து மிக்ஸி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெயிலில் வேகமாக நடந்து அக்கா வந்தார். தன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக என் முன்னால் வந்து நின்றார். கையில் அந்தக் கார்டு.

"இதுக்கு லாமினேஷன் போடப் போனேன் தம்பி. போடக் கூடாதுன்னுட்டாரு கடைக்காரரு."

நான் மிக்ஸியைக் கீழே வைத்தேன்.

"ரெண்டு மூணு பேருக்குப் போட்டுக் குடுத்து, மிஷின் எடுக்காம கெட்டுப்போயி சண்டைக்கு வந்தாங்களாம். பேங்க் கார்டு எதுக்குமே போடக் கூடாதாம். எல்லா ஊர்லயும் அப்பிடித்தானாம்." அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "அன்னிக்கு நீ கூட இருந்தே. அந்தக் கார்டு தொலைஞ்சுதா தம்பி?"

தொலைஞ்சிருச்சுக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.  அக்கா என் முகத்தையே பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் தன் வீட்டுக்குள் போனார்.

முதல் ஷிஃப்ட் முடிந்து பாய் வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பேசியது முழுவதும் கேட்டது.

"நீங்க தொலைக்கல."

"தொலைச்சிட்டேன் ஜெய்னப்."

"நான்தான் கெடுத்தேன். எம்புள்ளைய நான்தான் காக்க வெச்சேன்."

"இல்லம்மா. நான் ரயில்ல..."

"பொய் சொல்லாதீங்க. நாலு வருசமா உங்கள என்னென்ன பேசிட்டேன். நாய் கூடத் திங்காது அந்தப் பேச்சை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

 பிறகு பாயின் குரல், எப்போதும் போல மெதுவாக.

"என்னைத் திட்டறதுக்கோசரமாவது நீ எந்திரிச்சு ஒக்காந்தே. சோறாக்குனே. தலை வாரிக்கிட்டே. அது போதும்னு இருந்தேன்."

 பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. கத்தரி வெட்டுகிற சத்தம் கேட்டது. முனிலட்சுமி ஓடினாள். அக்கா தரையில் உட்கார்ந்து, லாமினேஷன் போட்ட எல்லாவற்றையும் வெட்டிப் பிய்த்துக்கொண்டிருந்தாராம். சர்டிபிகேட், ரேங்க் கார்டு எல்லாம் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து கிழிந்தன. சபீஹாவின் போட்டோ ஒட்டிய பள்ளிக்கூட அட்டையை மட்டும் முனிலட்சுமி பிடுங்கிக்கொண்டு வந்தாள். அது இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. கேட்டு வாங்க அவர்கள் இருவரும் வரவில்லை.

அன்றோடு அக்கா திட்டுவதை நிறுத்திவிட்டார். தெருவில் யாராவது வழக்கம்போல "உன் வூட்டுக்காரரு தொலைச்சாரே" என்று ஆரம்பித்தால், "அவரு தொலைக்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது ஒரு சத்தமும் கிடையாது. நாலு வருஷமாக எப்போது ஓயும் என்று காத்திருந்தவன் நான். ஓய்ந்த பிறகு அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை.

போன வாரம் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி கேட்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தோம். பாய் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"அவ ஒண்ணுமே சொல்றதில்ல ஆஞ்சப்பா. சோத்தைப் போட்டு வெச்சிட்டு சுவத்தைப் பாத்து ஒக்காந்துக்கறா. தலை வாரி எத்தனை நாள் ஆச்சோ. நானும் உப்பு பத்தலன்னு சொல்லிப் பாத்தேன். வேணும்னே தண்ணிச் சொம்பைத் தட்டி விட்டேன். தொடச்சிட்டுப் போயிட்டா."

"போவப் போவ சரியாயிரும் பாய்."

"நேத்து, பணம் எடுக்க அவகிட்ட வாங்கிட்டுப் போன அந்த ஏ.டி.எம். கார்டைத் தொலைச்சிட்டேன்னு சொன்னேன்."

"தொலைச்சிட்டீங்களா?"

"இல்ல. இங்கதான் இருக்குது." சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "பழையபடி ஒரு தடவை திட்டுவாளான்னு பாத்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"'போனாப் போவுது, வுடுங்க'ன்னா."

டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். லால் பாஷா பாய் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.